சின்ன டிரேடைப் படிப்பது எப்படி: வேலூர் பக்கத்து என்பிஏ ரசிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் அணிகள் சீசன் நடுவே வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான, அதாவது டிரேடுக்கான கெடு, பிப்ரவரி முற்பகுதியில் ஒரு வியாழக்கிழமை, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி பிற்பகல் 3 மணிக்கு முடிகிறது. நமக்கு அது வெள்ளி அதிகாலை 1.30. வேலூரிலும் காட்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் இருக்கிற பெரும்பாலான ரசிகர்கள் எழுந்து போனைப் பார்க்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். பெரிய நட்சத்திரம் கைமாறியிருந்தால் அதைப் புரிந்துகொள்வது எளிது. புதிதாக வருபவர்களைக் குழப்புவது மற்ற வகை. பத்து நிமிடம் ஆடுகிற ஒரு பெஞ்ச் வீரரை அணி கொடுத்துவிடுகிறது, கூடவே ஓர் இரண்டாம் சுற்று பிக்கையும் (ஆண்டுதோறும் புது வீரர்களைத் தேர்வுசெய்யும் டிராஃப்டில் ஓர் இடம்) கொடுக்கிறது, பதிலுக்கு வந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. "நல்லாத்தானே ஆடிட்டு இருந்தான், எதுக்குக் கொடுத்தாங்க?" என்று காலைப் பயிற்சி முடிந்து டீக்கடையில் நிற்கும்போது கேள்வி வரும்.

கேள்வி நியாயமானது, கேட்டே ஆகவேண்டியது. ஆனால் சின்ன டிரேடுகளில் விடை பெரும்பாலும் வீரரின் ஒப்பந்தத்தில்தான் கிடக்கிறது. ஆட்டத்தை மட்டும் பார்த்தால் கிடைக்காது. அணி இந்த டிரேடால் எதை விடுவித்துக்கொண்டது, பணமா, இடமா, காலமா என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால், அது நல்ல முடிவா கெட்ட முடிவா என்று பேசுவதற்குக் காலூன்ற இடம் கிடைக்கும். அதற்கான வரிசை கீழே.

ஐபிஎல் பழக்கத்தோடு வருபவர்களுக்கு

2025 நவம்பரில் சிஎஸ்கே ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியபோது நம் ஊரில் நடந்த வாக்குவாதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே கண்ணோடு என்பிஏ-வைப் பார்த்தால் மூன்று இடத்தில் சறுக்கும். ஐபிஎல் டிரேடுக்கு வீரரின் சம்மதம் வேண்டும்; என்பிஏ-வில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஐபிஎல்லில் பர்ஸ் தொகையைத் தாண்டவே முடியாது. என்பிஏ-வில் சம்பள வரம்பைத் தாண்டலாம், தாண்டத் தாண்ட வரியும் தடைகளும் கூடும். மூன்றாவது, என்பிஏ-வில் இன்னும் பெயரே தெரியாத, வருங்காலத்தில் தேர்வாகப் போகிற வீரர் மீதான உரிமையை இன்றைக்கே கொடுக்கலாம், வாங்கலாம். டிராஃப்ட் பிக் என்பது அதுதான்.

முதல் வேலை: முழு விவரம் வரும்வரை பொறுங்கள்

இரவில் வரும் முதல் செய்தி பெரும்பாலும் அரைகுறை. "ஒரு வருங்கால இரண்டாம் சுற்று பிக்" என்று மட்டும் இருக்கும். எந்த ஆண்டு, எந்த அணியின் பிக், எத்தனையாவது இடம்வரை பாதுகாப்பு (அந்த இடத்துக்குள் விழுந்தால் பிக் கைமாறாது) என்பது பிறகுதான் தெரியவரும். மூன்றாவது அணி ஒன்று கடைசி நேரத்தில் உள்ளே வருவதும் உண்டு. அணிகள் தங்கள் தளத்தில் அறிவிப்பு வெளியிட்ட பிறகே நோட்டைத் திறங்கள்.

அறிவித்த பிறகும் உடல் பரிசோதனை என்று ஒரு கட்டம் உண்டு. 2025 பிப்ரவரியில் லேக்கர்ஸ், ஷார்லட்டின் மார்க் வில்லியம்ஸை வாங்க டால்டன் நெக்ட்டையும் கேம் ரெடிஷையும் ஒரு முதல் சுற்று பிக்கையும் கொடுத்தது. பரிசோதனையில் வில்லியம்ஸ் தேறவில்லை என்று லேக்கர்ஸ் டிரேடையே ரத்து செய்தது. அதற்குள் ரசிகர்கள் ஆயிரம் தீர்ப்பு எழுதி முடித்திருந்தார்கள். இரண்டு நாள் பொறுத்தால் குடி முழுகிப் போகாது.

ஒப்பந்தத்தை எடுத்து வையுங்கள்

கைமாறிய ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. அதில் ஐந்து விவரம்: இந்த ஆண்டுச் சம்பளம், மீதியுள்ள ஆண்டுகள், அடுத்த ஆண்டு யார் விருப்பத்தில் இருக்கிறது (அணியின் விருப்பமா, வீரரின் விருப்பமா), அந்தத் தொகைக்கு முழு உத்தரவாதம் உண்டா, வயது. ஸ்போட்ராக், பேஸ்கட்பால் ரெஃபரன்ஸ் போன்ற தளங்களில் இவை இலவசமாகவே கிடைக்கும்.

வீரரின் விருப்பம் என்றால், நன்றாக ஆடினால் அவர் கிளம்பிவிடுவார், மோசமாக ஆடினால் அணிக்குச் சுமையாக உட்கார்ந்துகொள்வார். இரண்டு வழியிலும் அணிக்கு நட்டம். அணியின் விருப்பம் இதற்கு நேர்மாறு. ஆகவே ஒரே திறமை, ஒரே சம்பளம் உள்ள இரண்டு பெஞ்ச் வீரர்களில் ஒருவருக்குக் கிராக்கி இருக்கும், இன்னொருவரைத் தள்ளிவிட அணியே பிக் சேர்த்துக் கொடுக்கும். புள்ளிச் சராசரியை வைத்து இந்த வித்தியாசத்தை ஒருநாளும் பிடிக்க முடியாது.

இந்த சீசனோடு முடிகிற ஒப்பந்தம் என்றால் அதையும் சிவப்பு மையில் குறியுங்கள். வரும் கோடையில் அவர் எப்படியும் போகலாம் என்ற நிலையில், அணி கொடுத்தது ஒரு வீரரை அல்ல, அவருடைய மீதி இரண்டு மாதச் சொச்சத்தை. ஆனால் அவரோடு போகிற இன்னொன்று உண்டு: சம்பள வரம்பைத் தாண்டியும் தன் வீரரோடு மறுபடி ஒப்பந்தம் போடும் சலுகை. பேர்ட் உரிமை என்று அதைச் சொல்வார்கள். டிரேடில் இது வீரரோடு சேர்ந்தே புதிய அணிக்குப் போய்விடும். "இரண்டு மாதத்துக்காக ஏன் வாங்கினார்கள்?" என்று எதிரணியைக் கேட்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

அணி எந்தக் கோட்டில் நிற்கிறது

அணியின் மொத்தச் சம்பளத்துக்கு 2025-26 சீசனில் நான்கு கோடுகள்: சம்பள வரம்பு சுமார் 15 கோடியே 46 லட்சம் டாலர், லக்சுரி வரிக் கோடு சுமார் 18 கோடியே 79 லட்சம், முதல் ஏப்ரன் (வரியோடு தடைகளும் தொடங்கும் கோடு) சுமார் 19 கோடியே 59 லட்சம், இரண்டாம் ஏப்ரன் சுமார் 20 கோடியே 78 லட்சம். ஒவ்வோர் ஆண்டும் மாறும், ஆகவே அந்தந்த சீசனின் எண்ணையே எடுங்கள்.

முதல் ஏப்ரனுக்குக் கீழே இருக்கும் அணி, சிறிய சம்பளக்காரரைக் கொடுத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு சம்பளம் உள்ளவரை வாங்கலாம். அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் அனுப்பியதைவிட ஒரு டாலர்கூடக் கூடுதலாக வாங்க முடியாது. இரண்டாம் ஏப்ரனைத் தாண்டிய அணி நிலைமை இன்னும் இறுக்கம்: இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய சம்பளக்காரரை வாங்க முடியாது, டிரேடில் ரொக்கம் கொடுக்க முடியாது, ஏழு ஆண்டு தள்ளி வரும் முதல் சுற்று பிக்கை விற்க முடியாது. அடுத்த நான்கு ஆண்டில் இரண்டு முறை மறுபடி அந்தக் கோட்டைத் தாண்டினால், அந்தப் பிக் முதல் சுற்றின் கடைசிக்கே தள்ளப்பட்டுவிடும். லீக்கும் வீரர் சங்கமும் 2023-இல் போட்ட கூட்டு ஒப்பந்தம் கொண்டுவந்த தடைகள் இவை. அதற்கு முந்தைய டிரேடுகளை இதே அளவுகோலால் அளக்கக்கூடாது.

இரண்டாம் ஏப்ரனுக்கு ஐந்து லட்சம் டாலர் மேலே நிற்கிற அணி ஒரு பெஞ்ச் வீரரைக் கொடுத்தால், அந்தச் செய்தியில் வீரரின் பெயருக்கு முக்கியத்துவமே இல்லை. அடுத்து வரப்போகிற டிரேடுக்கு அணியின் கை அவிழ்ந்தது என்பதே விஷயம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

இந்தப் பகுதியைப் பேனா எடுத்துப் போட்டுப் பாருங்கள். சின்ன டிரேடுகளில் பாதி இந்த ஒரே கணக்கின் வேறு வேறு வடிவம்.

கற்பனையாக ஓர் அணி. லக்சுரி வரிக் கோட்டுக்கு 16 லட்சம் டாலர் மேலே இருக்கிறது. 14 வீரர்கள். அதில் ஒரு மாற்று கார்டு (பந்தை முன்னெடுத்துச் செல்லும் இடத்தில் ஆடுபவர்), சம்பளம் 25 லட்சம், ஒப்பந்தம் சீசனோடு முடிகிறது. 2026 பிப்ரவரி 5 அன்று அவரையும் ஓர் இரண்டாம் சுற்று பிக்கையும் சம்பள இடம் காலியாக உள்ள அணிக்குக் கொடுக்கிறார்கள். பதிலுக்கு வருவது 55-ஆவது இடம்வரை பாதுகாக்கப்பட்ட ஒரு பிக்.

வீரர் பிடிக்கவில்லை என்றால் ஏன் சும்மா விடுவிக்கவில்லை? விடுவித்தால் அவருடைய 25 லட்சம் அணியின் கணக்கிலேயே கிடக்கும், வரி குறையாது. டிரேடில் கொடுத்தால் முழு ஆண்டுச் சம்பளமும், ஏற்கனவே வாங்கி முடித்த மாதங்கள் உட்பட, வரிக் கணக்கில் புதிய அணிக்குப் போய்விடும். வரியை சீசனின் கடைசி நாள் நிலவரப்படிதான் கணக்கிடுகிறார்கள். இதைப் புரிந்துகொண்டால் பிப்ரவரி மாதத்துக் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்தது.

இப்போது அணி கோட்டுக்கு 9 லட்சம் கீழே. கையில் 13 பேர். 14-க்குக் குறைந்து தொடர்ச்சியாக இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. உடனே ஆளெடுக்காமல் பிப்ரவரி 19 வரை காத்திருக்கிறார்கள். சீசன் மொத்தம் 174 நாள், அன்றைக்கு மீதி 53 நாள். அனுபவ வீரர் ஒருவரின் ஓராண்டுக் குறைந்தபட்சச் சம்பளம் அணிக் கணக்கில் சுமார் 23 லட்சம். 23-ஐ 53-ஆல் பெருக்கி 174-ஆல் வகுத்தால் 7 லட்சம். அவரைச் சேர்த்த பிறகும் அணி 2 லட்சம் கீழேயே நிற்கிறது. "ஆளைக் கொடுத்துட்டு ரெண்டு வாரமா 13 பேரை வச்சு ஆடறாங்களே" என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது.

மிச்சம் எவ்வளவு? முதல் அடுக்கில் டாலருக்கு ஒரு டாலர் வரி, ஆக 16 லட்சம். கொடுத்த வீரரின் மீதிச் சம்பளம் சுமார் 9.5 லட்சம், புதியவருக்கு 7 லட்சம், அதில் மிச்சம் 2.5 லட்சம். ஆனால் உண்மையான லாபம் வேறிடத்தில். வரி கட்டும் அணிகளிடம் வசூலான தொகையில் பாதிவரை, கட்டாத அணிகளுக்குச் சமமாகப் பிரித்துத் தரப்படுகிறது. ஏலச்சீட்டில் தள்ளிய தொகை மற்றவர்களுக்குப் பிரிவதுபோல. அண்மை ஆண்டுகளில் இந்தப் பங்கு ஓர் அணிக்கு ஒரு கோடி டாலரைத் தாண்டியிருக்கிறது. கோட்டுக்கு ஒரு டாலர் மேலே நின்றாலும் அது கிடைக்காது. பத்து நிமிட கார்டு ஒருவர் போனதன் பின்னால் இருக்கும் எடை இவ்வளவு.

இனி விமர்சனத்துக்கு வருவோம். மிச்சமான பணம் உரிமையாளருக்கு. ரசிகருக்கு இழப்பு ஒரு வீரரும் ஒரு பிக்கும். கோப்பைக்குப் போட்டியிடும் அணி இதைச் செய்தால், பிளே-ஆஃபில் கார்டு ஒருவர் காயமடையும்போது விலை தெரியும். அந்த அணியைக் கேள்வி கேட்பது முழுக்க நியாயம். ஒரே ஒரு விதிவிலக்கு. முந்தைய நான்கு சீசனில் மூன்றில் வரி கட்டிய அணிக்கு முதல் அடுக்கு விகிதமே டாலருக்கு மூன்று டாலர். ஓர் ஆண்டு கோட்டுக்குக் கீழே வந்தால் அந்தச் சங்கிலி அறுபடும், அடுத்தடுத்த ஆண்டுகளில் நல்ல வீரர்களைத் தக்கவைக்கத் தெம்பு கிடைக்கும். அப்படிப்பட்ட அணியை "கஞ்சத்தனம்" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடக் கூடாது.

நாற்காலிகளை எண்ணுங்கள்

நம் ஊர்ப் போட்டிகளில் அணிப் பட்டியல் 12 பேர். என்பிஏ-வில் முழு ஒப்பந்தம் 15 பேருக்கு, அதோடு டூ-வே ஒப்பந்தத்தில் (என்பிஏ அணிக்கும் அதன் கீழ்நிலை அணிக்கும் மாறி மாறி ஆடுவது) 3 பேர். டூ-வே வீரர்கள் சம்பள வரம்பில் சேரமாட்டார்கள். ஆனால் அதிகபட்சம் 50 ஆட்டங்களுக்குத்தான் பெயர் கொடுக்க முடியும், பிளே-ஆஃபில் ஆடவே முடியாது.

இரண்டு பேரைக் கொடுத்து ஒருவரை வாங்கினால் ஒரு நாற்காலி காலி. அது யாருக்கு என்று பாருங்கள். டூ-வே வீரர் ஒருவர் ஜனவரி முழுக்க நன்றாக ஆடி வந்திருந்தால், அவரை முழு ஒப்பந்தத்துக்கு மாற்றவே இடம் திறந்திருக்கலாம். இல்லையென்றால் பையவுட் சந்தை: வேறு அணி விடுவிக்கும் அனுபவ வீரர், மார்ச் 1-க்குள் விடுவிக்கப்பட்டிருந்தால் மட்டுமே புதிய அணிக்காக பிளே-ஆஃபில் ஆடலாம். ஏப்ரனைத் தாண்டிய அணிகள், பெரிய சம்பளத்தில் இருந்து விடுவிக்கப்பட்டவர்களைச் சேர்க்க முடியாது என்ற தடையையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

பதிலுக்கு வந்தது என்ன

டிரேடில் ஒவ்வோர் அணியும் ஏதாவது ஒன்றைக் கொடுத்தே ஆகவேண்டும். சும்மா வாங்கிக்கொள்ள முடியாது. அந்த விதியை நிறைவேற்றவே சில பொருள்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. 55-ஆவது இடம்வரை பாதுகாப்பு என்றால், அந்தப் பிக் 56 முதல் 60-க்குள் விழுந்தால்தான் கைமாறும். லீக்கின் உச்சியில் உள்ள நாலைந்து அணிகளுக்கே அது நடக்கும். வெளிநாட்டில் ஆடும், என்பிஏ-வுக்கு வரவே மாட்டார் என்று தெரிந்த வீரரின் டிராஃப்ட் உரிமையும் அப்படித்தான். "இதைப் போய் வாங்கிட்டு ஆளைக் கொடுத்தாங்களே" என்று ஆத்திரப்படுவது வீண். அது விலையே அல்ல, சடங்கு.

ஆனால் எல்லா உரிமையும் சடங்கு என்று நினைத்துவிட்டாலும் தவறு. 2008 பிப்ரவரியில் மெம்ஃபிஸ், பாவ் கசோலை லேக்கர்ஸுக்குக் கொடுத்தபோது திரும்பி வந்தவற்றில் ஒன்று, அதற்கு முந்தைய ஆண்டு 48-ஆவதாகத் தேர்வாகி ஸ்பெயினில் ஆடிக்கொண்டிருந்த தம்பி மார்க் கசோலின் உரிமை. யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அவர் 2013-இல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார். அதே டிரேடில் ஆரன் மெக்கீயும் இருந்தார். ஆட்டத்தை விட்டு ஏறக்குறைய ஒதுங்கியிருந்த அவரை ஒப்பந்தம் போட்டுச் சேர்த்தது சம்பளக் கணக்கைச் சமன்செய்ய. ஒரே டிரேடில் வெறும் எண்ணாக வந்தவரும், பத்தாண்டு அணியைத் தாங்கப் போகிறவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள்.

2013-இல் டெட்ராய்ட், பிராண்டன் ஜென்னிங்ஸை வாங்க பிராண்டன் நைட்டை மில்வாக்கிக்குக் கொடுத்தது. கூடச் சேர்த்து அனுப்பப்பட்ட இருவரில் ஒருவர் கிறிஸ் மிடில்டன். மூன்று முறை ஆல்-ஸ்டார், 2021 கோப்பை. பேச்செல்லாம் இரண்டு பிராண்டன்களைப் பற்றியே இருந்தது. சேர்த்து அனுப்பப்படுகிறவரின் வயது 23-க்குக் கீழே என்றால் அந்தப் பெயரைக் கோடிட்டு வையுங்கள்.

இரண்டாம் சுற்று பிக்கின் மதிப்பைப் பற்றி இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். பின்னாளில் நட்சத்திரங்களானவர்களைப் பாருங்கள்: யோகிச் 2014-இல் 41-ஆவது பிக். டிரேமண்ட் கிரீன் 2012-இல் 35. ஜினோபிலி 1999-இல் 57. இது ஒரு பக்கம். 2015-இல் டல்லஸ் 52-ஆவதாக எடுத்த சத்னாம் சிங், என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர். என்பிஏ ஆட்டம் ஒன்றில்கூட இறங்க வாய்ப்பு கிடைக்கவில்லை. இது இன்னொரு பக்கம், இதுவே பெரும்பான்மை. ஆகவே ஒரு பிக் போனதற்கு ஒப்பாரி வேண்டாம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் கோட்டுக்குக் கீழே வர இரண்டிரண்டு பிக்காகக் கொடுத்துக்கொண்டே போகிற அணியைக் கண்டிப்பாகக் கேள்வி கேளுங்கள். மலிவான சம்பளத்தில் இளைஞர்கள் வரும் வாசல்களில் அதுவும் ஒன்று. 2003-இல் நியூஜெர்சி, 51-ஆவதாக எடுத்த கைல் கோர்வரின் உரிமையை 1,25,000 டாலருக்கு பிலடெல்பியாவுக்கு விற்றது. கோர்வர் 17 சீசன் ஆடினார், லீக்கின் தலைசிறந்த மூன்று புள்ளி எறிவாளர்களில் ஒருவராக. பணத்துக்காக மட்டும் செய்த டிரேடுகளை ரசிகர்கள் மறக்காமல் இருப்பதில் தப்பே இல்லை.

கண்ணுக்குத் தெரியாமல் வருவது ஒன்று உண்டு: டிரேட் எக்ஸெப்ஷன். வரம்பைத் தாண்டிய அணி ஒருவரைக் கொடுத்துக் குறைவாகத் திரும்ப வாங்கினால், அந்த வித்தியாசம் ஓராண்டுக்குச் செல்லுபடியாகும் சலுகையாக நிற்கும். 2020-இல் கார்டன் ஹேவர்டு ஷார்லட்டுக்குப் போனபோது பாஸ்டனுக்குக் கிடைத்த சலுகையில்தான் 2021 மார்ச்சில் எவான் ஃபோர்னியே வந்தார். காலாவதித் தேதியை நோட்டில் எழுதுங்கள். பயன்படுத்தாமல் காலாவதியானால் அன்றைக்குத்தான் அந்த டிரேடை உண்மையில் தோல்வி என்று சொல்லலாம்.

ஆட்டத்தைப் பார்க்கும் முறை

கிழக்கு நகரங்களின் இரவு 7 மணி ஆட்டம் நமக்குக் குளிர்காலத்தில் காலை 5.30. மார்ச் இரண்டாம் ஞாயிறுக்குப் பிறகு 4.30. பயிற்சிக்குப் போகிறவர்களால் அதை நேரடியாகப் பார்க்க முடியாது; மேற்குக் கரை ஆட்டங்கள் 8.30, 9 மணிக்குத் தொடங்குவதால் அவை கல்லூரி விடுதிகளில் கொஞ்சமாவது ஓடும். விளைவு, கிழக்கு அணிகளின் பெஞ்ச் வீரர்களை நாம் ஹைலைட்ஸில் மட்டும் பார்க்கிறோம். ஹைலைட்ஸில் கூடை விழுவது மட்டும்தான் இருக்கும்.

முழு ஆட்டப் பதிவில் இரண்டாம் கால்பகுதியின் முதல் ஐந்து நிமிடத்தையும், நான்காம் கால்பகுதியின் முதல் நான்கு நிமிடத்தையும் மட்டும் பாருங்கள். பெஞ்ச் வீரர்கள் ஆடுவது பெரும்பாலும் அப்போதுதான். மூன்று ஆட்டம் போதும். பந்தைப் பார்க்காமல் அந்த ஒருவரை மட்டும் பாருங்கள். எதிரணி ஸ்கிரீன் போட்டு (தடுப்பாளரின் வழியை உடலால் மறித்து) அவரைத் தேடிப் போய்த் தாக்குகிறதா? அவர் மூலையில் நிற்கும்போது அவருடைய தடுப்பாளர் அவரை விட்டுவிட்டு உள்ளே உதவிக்குப் போகிறாரா? இந்த இரண்டுக்கும் ஆம் என்றால், சராசரி 8 புள்ளி இருந்தாலும் பிளே-ஆஃபில் அவருக்கு நிமிடம் கிடைக்காது. மைதானத்தில் ஆடிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று கண்ணில் படும். வேலூர் பக்கத்து ரசிகர்களில் பலர் ஆடுபவர்களும்கூட. அந்தக் கண்ணைப் பயன்படுத்துங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் பி.ஜே. டக்கர். 2021 மார்ச்சில் மில்வாக்கி, 35 வயதான அவரை வாங்கியது. அங்கே லீக் ஆட்டங்களில் அவர் சராசரி 3 புள்ளிக்கும் குறைவு. பிளே-ஆஃபில் எதிரணி நட்சத்திரம் கெவின் டுரான்டைத் தடுக்கும் வேலை அவருக்கு. அந்த ஆண்டுக் கோப்பை மில்வாக்கிக்கு.

எண்ணாகப் பார்க்க வேண்டுமென்றால் புள்ளிச் சராசரியை விட்டு, எறிதிறனை எடுங்கள். மொத்தப் புள்ளியை, (எறிந்த ஷாட்கள் + 0.44 × ஃப்ரீ த்ரோக்கள்) என்பதன் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 180 புள்ளி, 150 ஷாட், 40 ஃப்ரீ த்ரோ என்றால் 180 ÷ 335.2, அதாவது 53.7 சதவீதம். அதோடு மாதிரியின் அளவையும் பாருங்கள். 100 மூன்று புள்ளி முயற்சியில் 38 சதவீதத்துக்கும் 33 சதவீதத்துக்கும் வித்தியாசம் ஐந்தே ஐந்து பந்து. பிப்ரவரியில் பெஞ்ச் வீரர் பலர் அவ்வளவுதான் எறிந்திருப்பார்கள். அதை வைத்து "நல்ல ஷூட்டரைக் கொடுத்துட்டாங்க" என்று அடித்துச் சொல்ல முடியாது; முந்தைய மூன்று சீசனையும் சேர்த்துப் பாருங்கள்.

எதிரணியின் இடத்தில் உட்கார்ந்து

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவர்கள் ஏன் சம்மதித்தார்கள் என்று ஒரு வரி எழுத முடியவில்லை என்றால், ஏதோ ஒரு விவரம் உங்களிடம் விடுபட்டிருக்கிறது. சம்பள இடம் காலியாக உள்ள அணி, பிக்குக்காக வேண்டாத வீரரை வாங்கி மறுநாளே விடுவிப்பது வழக்கம். அப்படி விடுவித்தால் அவர்கள் அந்த வீரரை விரும்பவே இல்லை, பிக்கை விரும்பினார்கள் என்று பொருள். அந்த வீரரைக் கொடுத்த அணி அவரை உடனே திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் முடியாது, விதி தடுக்கிறது.

கேள்வியைக் கூர்மையாக்குங்கள்

"ஏன் கொடுத்தாங்க?" என்று கேட்டால் பேச்சு பத்து நிமிடத்தில் கூச்சலாகிவிடும். நோட்டில் உள்ளதை வைத்து இப்படிக் கேளுங்கள்: "வரிக் கோட்டுக்குக் கீழே வர இந்த கார்டைத்தான் கொடுத்திருக்க வேண்டுமா? அதே சம்பளத்தில் ஆடாமல் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் இருந்தாரே?" அல்லது: "நாற்காலி திறந்து மூன்று வாரமாகியும் டூ-வே வீரரை ஏன் மாற்றவில்லை?" அல்லது: "காயத்தில் இரண்டு கார்டுகள் இருக்கும்போது மூன்றாவது கார்டைக் கொடுத்தது பணத்துக்காக மட்டும்தானே?" இப்படிக் கேட்டால் பதில் சொல்பவரும் விவரத்தோடுதான் வரவேண்டும். நிர்வாகம் சொல்லும் "எதிர்காலத்துக்கான நெகிழ்வுத்தன்மை" என்ற விளக்கத்தை எண்ணைக் காட்டாதவரை ஏற்க வேண்டியதில்லை. எவ்வளவு இடம், எந்தத் தேதிக்குள், யாருக்காக என்று கேட்கலாம், கேட்கவேண்டும்.

எப்போது திரும்பிப் பார்ப்பது

நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதிகளை எழுதி வையுங்கள். கோடையில் ஒப்பந்தம் போட்டவர்களில் பெரும்பாலோரை டிசம்பர் 15 முதலே டிரேடில் கொடுக்க முடியும். அதனால்தான் நவம்பரில் சின்ன டிரேடுகள் அரிது. ஜனவரி 5 முதல் பத்து நாள் ஒப்பந்தங்கள். ஜனவரி 10-இல் ஒப்பந்தங்களுக்கு முழு உத்தரவாதம் வந்துவிடும், ஆகவே அணிகள் 7-ஆம் தேதிக்குள் ஆட்களை விடுவிக்கும். பிப்ரவரிக் கெடு. அதிலிருந்து 14-ஆம் நாள். மார்ச் 1. சீசனின் கடைசி நாள், வரிக் கணக்கு முடிவது அன்றைக்கு. அடுத்த பிப்ரவரி, டிரேட் எக்ஸெப்ஷன் காலாவதி.

14-ஆம் நாள் முதல் திருத்தம் எழுதுங்கள், சீசன் முடிந்ததும் இரண்டாவது. டிரேடில் பிக் இருந்தால் அது உண்மையில் யாராக மாறியது என்று அந்த ஆண்டு டிராஃப்டுக்குப் பிறகு பெயரை நிரப்புங்கள். பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு எழுதுவது நல்லது. அந்தப் பிக் சில நேரம் வேறு மூன்று அணிகளுக்குக் கைமாறிய பிறகே ஆளாகும்.